கான்ட்ராக்ட் எடுக்கலீங்களா மேடம்?

பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு பகுதியில், ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். மகளுக்கு உறுப்பினர் அட்டை வாங்க வந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர், விண்ணப்பத்தை நீட்டிவிட்டு நூலகரை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், நான் கைமடிச்சுட்டு இருந்த காலத்துல பேப்பர் பாக்க இங்க வருவேனுங். அப்பவும் நீங்கதான் இதே சேர்ல இருந்தீங். இன்னும் அதே சேர்லயேவா? கான்ட்ராக்ட் கீன்ட்ராக்ட் எதுவும் எடுக்கலீங்களா?"

அந்த அம்மா சிரித்தார். "எடுக்கலீங்" என்று சொல்லிவிட்டு அட்டையில் முத்திரையைக் குத்தினார். மூலையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கிண்டல் செய்யவில்லை. உண்மையான அக்கறையோடு கேட்டார். நூலகருடைய பிழைப்பைப் பற்றி இந்த ஊரில் ஒருவர் அக்கறையாகக் கேட்டு நான் காதால் கேட்டது அது ஒன்றுதான்.

திருப்பூரின் கணக்கு அப்படி. ஊருக்கு வந்து இறங்குகிற பையன் முதலில் கைமடி. டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுப்பான், தைத்ததை மடித்து அடுக்குவான், பிசிறு வெட்டுவான். டெய்லர் சாப்பிடப் போகிற அரைமணியில் வேஸ்ட் துணியை எடுத்துப் போட்டு மிஷினை ஓட்டிப் பார்ப்பான். ஊசி உடையும். திரும்பி வந்த டெய்லர் முதுகில் ஒன்று வைப்பார்; வைத்த கையோடு, "துணியப் புடிச்சு இழுக்காதடா, அது போற போக்குல விடு" என்று சொல்லியும் கொடுப்பார். அடுத்த வருசம் அவன் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பான். பிறகு பேட்லாக். கை வந்தவன் கட்டிங் டேபிளுக்குப் போவான். துணிச்சல் உள்ளவன் நாலு மிஷினைப் பிடித்து பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பான்.

எல்லோரும் ஏறிவிடவில்லை. சொந்தக்காரன், சாதிக்காரன், ஊரில் இரண்டு ஏக்கர் உள்ளவன் என்று ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் பிடிமானம் ஏதாவது இருந்தது. செக்கிங் டேபிளில் உட்கார்ந்த பெண் அங்கேயே கண் மங்கிப் போனாள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, மில் விடுதியில் பெண்பிள்ளைகளை வருசக்கணக்கில் அடைத்துப்போட்டதும் இந்த மேற்கு மண்டலம்தான். திருப்பூரைச் சொர்க்கமாக்கிக் காட்டும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் இவ்வளவு அழுக்கும் உள்ள ஊரில்கூட, கைமடிக்கிற பையனிடம் "அடுத்து என்னடா?" என்று கேட்டால் அவனிடம் ஒரு பதில் இருக்கிறது. பட்டம் பெற்று, அரசாங்கத்து முத்திரையைக் கையில் வைத்திருக்கும் நூலகரிடம் அதே கேள்வியைக் கேட்டால், சிரிக்கிறார்.

அவர் ஏன் சிரிக்கிறார் என்று பார்ப்போம்.

ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்தவர்களின் கதையிலிருந்து தொடங்கலாம். நூலக அறிவியலில் சான்றிதழ் படித்திருப்பார்கள்; பலர் இளநிலை, முதுநிலைப் பட்டமே வைத்திருப்பார்கள். சேரும்போது தொகுப்பூதியம். கொடி பிடித்து, கோட்டைக்கு மனு எழுதி, உண்ணாவிரதம் இருந்த பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். தமிழ்நாட்டில் ஊதியத்துக்கு முன்னால் 'சிறப்பு' என்று ஒரு சொல் வந்தால், குறைச்சலுக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சத்துணவுக் கூடத்து அம்மாக்களைக் கேளுங்கள், அந்தச் சிறப்பைப் பற்றி விளக்கமாகச் சொல்வார்கள்.

அதற்கு மேலே மூன்றாம் நிலை நூலகர், அதற்கு மேலே இரண்டாம் நிலை, அதற்கும் மேலே முதல் நிலை. ரயில்வேகூட மூன்றாம் வகுப்பு என்ற பெயர் மனிதரை அவமதிக்கிறது என்று கண்டுகொண்டு 1970களிலேயே அதை எடுத்துவிட்டது. நம் நூலகத்துறை மட்டும் படித்த ஆளை உட்காரவைத்து, 'நீ மூன்றாம் நிலை' என்று ஆணையில் எழுதித் தருகிறது. சரி, மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக எத்தனை வருசம்? முதுநிலைப் பட்டியல் தயாராகிறது என்பார்கள். பட்டியல் வந்தால் அதன்மேல் ஆட்சேபம் வரும். ஆட்சேபம் வந்தால் வழக்கு வரும். வழக்கு முடிவதற்குள் ஓய்வு வந்துவிடும். எதற்கும் காத்திராமல் குறித்த தேதியில் வந்து சேர்வது அந்த ஓய்வு ஒன்றுதான்.

பதவி உயர்வுக்குப் பதிலாக வருவதற்கு ஒரு பெயர் உண்டு: கூடுதல் பொறுப்பு. பக்கத்து நூலகத்தில் ஆள் ஓய்வு பெற்றுவிட்டார், புதிதாக யாரையும் போடவில்லை. எனவே இவர் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து இருந்த இடத்தில் இரண்டு. காலை இங்கே, மாலை அங்கே. கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, நாளிதழை அடுக்குவது, கிழிந்த அட்டையை ஒட்டுவது, மழை வந்தால் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் தள்ளிப் போடுவது எல்லாம் அந்த ஒரே ஆள். அவசரத்துக்கு ஒதுங்கப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய நூலகங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மா நல்லவராக அமைவதுதான் அங்கே பணிச்சூழல் மேம்பாடு.

மாநிலத்தில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள். இவற்றுக்கென்று 1972லிருந்து தனி இயக்ககம். அதன் தலைமை நாற்காலியில் நூலகத்துக்குள்ளேயே வேலை பார்த்து வளர்ந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால், நீங்கள் வெள்ளந்தி. பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒருவர் வருவார், பல நேரம் கூடுதல் பொறுப்பாக; சில நேரம் ஐஏஎஸ் அதிகாரி வருவார். வந்தவர்களில் புத்தகத்தை நேசித்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவக் கல்வி இயக்குநராக ஒரு கால்நடை ஆய்வாளரைப் போட்டால் இந்த மாநிலம் சும்மா இருக்குமா? சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே அதை ஆஸ்பத்திரி ஆக்குகிறேன் என்று இன்னோர் ஆட்சி கிளம்ப, உயர் நீதிமன்றம் தடுக்க வேண்டி வந்தது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டுமே அடுக்குமாடி, இரண்டிலும் லிஃப்ட் உண்டு. வாசகர் மேலே போகலாம், புத்தகம் மேலே போகலாம். நூலகர் மட்டும் எந்தத் தளத்தில் ஏறினாரோ அந்தத் தளத்திலேயே இறங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நிலைமைக்கு மருந்தாகத்தான் வருகின்றன வழிகாட்டல் முகாம்கள்.

அப்படி ஒன்றில், வாசகர் வட்டத்துக்காரன் என்ற பெயரில் கடைசி வரிசையில் நான் இருந்தேன். மேடைப் பேனரில் எட்டுப் பேர் படம். எட்டில் ஒன்றுகூட நூலகர் முகம் இல்லை. 'நூலகர்களின் பணிவாழ்வு மேம்பாடு' என்று தலைப்பு. வந்திருந்த நூலகர்கள் தங்கள் தங்கள் நூலகத்தைப் பூட்டிவிட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி வந்திருந்தார்கள். மேம்பாட்டுக்கான டிக்கெட் செலவு மேம்படுகிறவரைச் சேர்ந்தது போலிருக்கிறது.

வழிகாட்ட வந்தவர் ஒரு தன்முனைப்புப் பேச்சாளர். கடைசியாக எப்போது நூலகத்துக்குள் நுழைந்தார் என்று தெரியவில்லை. திறப்பு விழாவாக இருந்திருக்கும். மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேடையின் குறுக்கே நடந்தபடி கழுகுக் கதை சொன்னார். அந்தக் கதை உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நாற்பது வயதில் கழுகு மலைமேல் போய், தன் அலகைத் தானே பாறையில் மோதி உடைத்து, நகத்தைப் பிடுங்கி, இறகைப் பிய்த்து, புதிதாக முளைத்து, இன்னும் முப்பது ஆண்டு வாழுமாம். கழுகு அப்படியெல்லாம் செய்யாது. அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியில் சாகும். நூல்களை வகைப்படுத்தும் டூயி முறையில் பறவைகளுக்கு எண் 598 என்று அந்த அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த எண்ணுக்குரிய தட்டில் கையை வைத்தால் கதை இரண்டு நிமிடத்தில் கவிழ்ந்துவிடும் என்பதும் தெரியும். பேச்சாளரை எந்த எண்ணில் வைக்கலாம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும்: 398, நாட்டார் கதைகள். எல்லோரும் கைதட்டினார்கள். மேலதிகாரி முன்வரிசையில் இருந்தார்.

"வேலையை நேசியுங்கள், உயர்வு உங்களைத் தேடி வரும்" என்று முடித்தார். கேள்வி நேரத்தில் ஒல்லியாக ஓர் ஊர்ப்புற நூலகர் எழுந்தார். "ஐயா, கழுகு அலகை உடைச்சுக்கிட்டா மறுபடி முளைக்குதுங். நாங்க இருபது வருசமா உடைச்சுக்கிட்டே இருக்கறோமுங். எங்களுக்குக் காலமுறை ஊதியம் எப்பங்க முளைக்கும்?"

அரங்கம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். "நெகட்டிவா யோசிக்காதீங்க, சார்" என்றார். பிறகு வடையும் டீயும் வந்தன. கூடவே ஒரு சான்றிதழ். அதில் 'நூலகர்' என்ற சொல்லில் ல வந்திருக்க வேண்டிய இடத்தில் ள வந்திருந்தது. திருத்தித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 'நூளகர்' என்பது புதிய பதவியாக இருந்தால் அதற்காவது உயர்வு இருக்குமோ என்று எனக்குப் பக்கத்திலிருந்தவர் முணுமுணுத்தார்.

இந்த நாட்டில் ஒரு நூலகருக்கு உண்மையாகவே வழிகாட்டிய கதை ஒன்று இருக்கிறது. அதை ஆண்டுதோறும் நூலகர் நாளான ஆகஸ்ட் 12 அன்று மாலை போட்டு மறைத்துவிடுகிறார்கள்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரிடம் கணிதம் படித்து, அவரையே ஆயுள் முழுக்கக் குருவாகக் கொண்டாடியவர். மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போட்டார்கள். போன சில நாளிலேயே அந்தத் தனிமை அவரைத் தின்றுவிட்டது. ஓடிவந்து கல்லூரி முதல்வரிடம், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். முதல்வர் கழுகுக் கதை சொல்லவில்லை. லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் உன் இடம் உனக்கு உண்டு என்றார். கவனியுங்கள்: திரும்பி வரக் கதவைத் திறந்துவைத்துவிட்டு அனுப்பினார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேயர்ஸ் என்பவர் ஆசிரியர். வேலை பார்க்கும் நூலகர். ரங்கநாதன் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைக் கோத்துக் கோத்து வேறுவேறு உருவம் செய்வதைக் கண்டு, அறிவையும் அப்படிக் கோக்கலாமே என்று பொறிதட்டியதும் அந்தப் பயணத்தில்தான். அந்தப் பொறிதான் 1933இல் கோலன் வகைப்பாடாக அச்சேறியது. திரும்பி வந்தவர் கணக்குக்குப் போகவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னின்றார். 1929இல் நூலகர் பயிற்சிக்குக் கோடைப் பள்ளி ஒன்று தொடங்கி, தன் அடுத்த தலைமுறைக்குத் தானே பாடம் எடுத்தார். 1950களில், தன் வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயை நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கைக்கென்று சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். இருக்கைக்கு மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்தது. அன்றைய ஒரு லட்சம்!

அந்த மனிதர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் கடைசி, நூலகம் வளர்கிற உயிர் என்கிறது. நம்மவர்கள் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். நூலகம் வளரலாம் என்றுதானே இருக்கிறது, நூலகர் வளரலாம் என்று ஆறாவது விதி இல்லையே. ஆகஸ்ட் 12 காலை படத்துக்கு மாலை, சில நூலகர்களுக்கு நல்நூலகர் விருது. மறுநாள் காலை விருது பெற்றவர் போய்த் திறப்பது அதே கதவு.

பிரிட்டனில் இன்றும் நூலகர் சங்கத்தின் பட்டயத் தகுதி பெற வேண்டுமானால், மூத்த நூலகர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்தாக வேண்டும். அங்கேயும் நூலகங்களை மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சொர்க்கம் அங்கும் இல்லை. ஆனால் வழிகாட்டி என்ற சொல்லுக்கு அங்கே அந்தத் தொழிலைச் செய்தவர் என்று பொருள். இங்கே மைக் பிடிக்கத் தெரிந்தவர் என்று பொருள்.

சரி, பணமில்லை என்பார்களோ? அங்கேதான் கோபம் தலைக்கேறுகிறது.

திருப்பூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இந்தியாவிலேயே விடுதலைக்குப் பிறகு வந்த முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். 1930லிருந்து மாதிரி மசோதாவைத் தூக்கிக்கொண்டு அலைந்த ரங்கநாதனுக்குக் கடைசியில் காது கொடுத்த கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவர் 1903இல் பிறந்தது இதே திருப்பூரில். தமிழில் கலைக்களஞ்சியம் வரவேண்டும் என்று பாடுபட்டவரும் அவரே. ஊர் முழுக்கச் சிலையும் வளைவும் வைக்கிற நாம், இந்தச் சட்டத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை எந்தச் சுவரிலாவது எழுதி வைத்திருக்கிறோமா?

சட்டம் நூலகத்தை யாருடைய தயவிலும் விடவில்லை. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கச் சொன்னது. இன்றைக்கு அது வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டுக்காரர் கட்டுகிறார், குடோன்காரர் கட்டுகிறார், நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஷெட் போட்டவர்கள் எல்லோரும் கட்டுகிறார்கள். நொய்யலைச் சாயக்கால்வாயாக்கி, 2011இல் உயர் நீதிமன்றம் ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லும் நிலைக்குக் கொண்டுபோன சாயப்பட்டறைகளின் கட்டடங்கள்மீதும் இதே வரிதான். உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி வெறும் தபால்காரர். ஆனால் மணியார்டரைத் தானே செலவழித்துவிடும் தபால்காரர். நூலக வரியைப் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கி சொல்வது தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்குப் பழகிப்போன தொழில். சென்னை மாநகராட்சி கோடிக்கணக்கில் பாக்கி வைத்துப் பத்திரிகையில் நாறியது. பனியன் கம்பெனியில் சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அந்த முதலாளி மேல் கேஸ் போடலாம். நகராட்சி செய்தால் அது நிதி நெருக்கடி.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் இந்த ஊர் பதறிய பதற்றத்தை நாடே பார்த்தது. ஆண்டுக்கு சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற ஊர், பதறத்தான் வேண்டும். டெல்லிக்கு ஓடினார்கள், மனு கொடுத்தார்கள், மந்திரிகளைப் பார்த்தார்கள். வரி என்றால் என்ன, அது எங்கே போகிறது என்று ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்குக் கேட்கத் தெரிந்த ஊர் இது. தான் கட்டும் நூலக வரி எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்காதது போகட்டும். நூலகரை இந்த ஊர்க் கம்பெனி வாசலுக்கே பிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

புரவலர் திட்டம் என்று ஒன்று. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூலகத்துக்குப் புரவலர். சங்க காலத்தில் ஊரையே கொடுத்தவர்களுக்கு இருந்த பெயர், ஆயிரத்துக்கு ரசீதோடு கிடைக்கிறது. திட்டத்தில் தப்பில்லை. இத்தனை புரவலர் சேர், இத்தனை உறுப்பினர் சேர் என்று நூலகர் தலையில் இலக்குக் கட்டுகிறார்களே, அதுதான் தப்பு. புத்தகத்தை வகைப்படுத்தப் படித்த அந்தக் கிளை நூலகத்து அம்மா ரசீதுப் புத்தகத்தோடு எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டில் நிற்கிறார். வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, என்ன காரணம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அந்த அம்மா யோசிப்பதற்குள் வாட்ச்மேனே 'டொனேசன்' என்று எழுதிவிடுகிறார். அதற்கு மேலே உள்ள வரியில் கோயில் கும்பாபிஷேகம், அதற்கு மேலே கட்சிக் கூட்டம். கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்களை ஏசி அறையில் உட்காரவைத்திருந்தார்கள். நூலகருக்கு மரத்தடி ஸ்டூல். நாற்பது நிமிடம் கழித்து மேனேஜர் வந்து, "ஷிப்மென்ட் டைமுங், அடுத்த மாசம் வாங்" என்றார். அடுத்த மாசக் கூட்டத்தில் மேலிடம் கேட்டது: ஏன் இலக்கை எட்டவில்லை?

இதைச் செய்துகொண்டே அந்த அம்மா இன்னொன்றையும் செய்கிறார். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வரும் பையன்களும், செக்கிங் வேலைக்கு இடையில் குரூப் 4 எழுதும் பெண்களும் அவருடைய நீள மேசையில்தான் உட்காருகிறார்கள். எந்தத் தேர்வுக்கு எந்தப் புத்தகம், பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும், விண்ணப்பத்தில் எந்த இடத்தில் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள், தமிழுக்கு ஆறாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்கு என்று சொல்லித் தருகிறார். பூட்டும் நேரம் தாண்டியும் மின்விசிறியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். வழிகாட்டல் என்றால் அதுதான், அதற்கு யாரும் பேனர் கட்டவில்லை. அவர் மேசையில் படித்தவர்கள் விஏஓ ஆனார்கள், இளநிலை உதவியாளர் ஆனார்கள். ஒருவர் இன்னும் மேலே போனார். ஒருநாள் ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்ன அந்த அம்மாவைப் பார்த்து ஒரு நொடி தடுமாறி, "உக்காருங்க மேடம், நீங்க போய்..." என்றார். பிறகு இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, இரண்டு புத்தகம் காணோம் என்று குறித்துக்கொண்டு போனார். அவர் கடமையை அவர் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தனியார் பள்ளி, கல்லூரி நூலகர்களைப் பற்றி நீட்டி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். சேர்க்கைக் காலத்தில் அவர்கள் ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கப் போவார்கள், பஸ் டூட்டி பார்ப்பார்கள், வாத்தியார் வராத வகுப்பில் போய் நிற்பார்கள். தரமதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் மட்டும் திடீரென்று 'அறிவு வள மையத்தின் தலைவர்' ஆவார்கள். குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் பதவி பறிபோகும். அரசுப் பள்ளிகளில் இந்தச் சிக்கலே இல்லை. நூலகர் என்ற ஆளே இல்லாமல், ஏதோ ஓர் ஆசிரியரின் பீரோ சாவியாக நூலகம் தொங்குகிறது.

ஆகவே அரசாங்கத்துக்கு நான் ஒரு யோசனை வைக்கிறேன். கட்டிங் மாஸ்டர் சொன்னதுதான் சரி. நூலகர்களைக் கான்ட்ராக்டுக்கு விட்டுவிடுங்கள். பீஸ் ரேட் போடுங்கள்.

புத்தகம் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு, திரும்ப வாங்கினால் இவ்வளவு. கிழிந்ததை ஒட்டினால் டேமேஜ் ரேட் தனி. நாளிதழ் அடுக்குவது கைமடிக் கணக்கு. தேதி முத்திரை குத்துவது லேபிள் அடிப்பதற்குச் சமம். இன்னொரு நூலகத்தையும் பார்த்துக்கொண்டால் ஒன்றரை ஷிப்ட். பூட்டும் நேரம் தாண்டினால் நைட்டுக் காசு, கூடவே டீயும் பன்னும். சனிக்கிழமை சாயங்காலம் கவரில் சம்பளம். புரவலர் பிடித்தால் கமிஷன். ஒரு பையனைக் குரூப் 4 தேற வைத்தால் அது எக்ஸ்போர்ட் குவாலிட்டி, போனஸ் போட்டே ஆகவேண்டும். மூன்று வருசத்தில் நூலகர் இரண்டு நூலகத்தைக் குத்தகைக்கு எடுத்துவிடுவார், ஐந்தாவது வருசம் கோட்டூர்புரத்துக்கு டெண்டர் போடுவார்.

இதில் இன்னொரு லாபம். பனியன் தொழிலில் நாலு வருசத்துக்கு ஒருமுறை முதலாளிகளும் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஊதிய ஒப்பந்தம் போடுகிறார்கள். இழுபறி இருக்கும், வெளிநடப்பு இருக்கும், கடைசியில் கையெழுத்து விழும். அந்த மேசை வானத்திலிருந்து விழவில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் இந்த ஊர்த் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். தறிச்சத்தமும் மிஷின் சத்தமும் இல்லாமல் ஊர் நாலு மாதம் கிடந்தது. நூலகர்கள் 127 நாள் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். யாருக்காவது தெரியவர எத்தனை நாள் ஆகும்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரியும். மற்றவர்களுக்கு, ஆகஸ்ட் 12 அன்று மாலையோடு வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்போதும், மாலையைப் பூட்டில் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தக் கிளை நூலகத்து அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பணி. அதற்குள் இரண்டாம் நிலை வருமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருப்பூர்க்காரர்களே, உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். கம்பெனி வைத்திருந்தால் அந்த ரசீதையும் எடுங்கள். உங்கள் வரியில் நூலகத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்வி எழுதுங்கள். எங்களிடம் வசூலித்த நூலக வரி ஆண்டுவாரியாக எவ்வளவு? அதில் நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு? மாவட்டத்தில் நூலகர் பணியிடம் எத்தனை காலி, கடைசியாக ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது எந்தத் தேதியில்? முதல் இரண்டும் மாநகராட்சிக்கு, மூன்றாவது மாவட்ட நூலக அலுவலகத்துக்கு. ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம்.